பழைய தியேட்டர் கார்ட்டூன்களை எப்படிப் பார்ப்பது: டைட்டில் கார்டிலிருந்து தொடங்குங்கள்

டாம் அண்ட் ஜெர்ரி பார்க்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தோளிலிருந்து பை இறங்குவதற்குள் டிவியைப் போட்டு உட்கார்ந்த தலைமுறை என்னுடையது. படம் ஆரம்பிக்கும்போது ஓடும் எழுத்துகளில் ஒரே ஒரு பெயர்தான் எல்லோர் மனதிலும் நின்றது: ஃபிரெட் குவிம்பி. அவர்தான் இதையெல்லாம் வரைகிறார் என்று நினைத்தவர்கள் ஏராளம். உண்மையில் அவர் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் படக் கம்பெனியின் கார்ட்டூன் பிரிவை நிர்வகித்த தயாரிப்பாளர், படம் வரைகிறவர் அல்ல. கதை யோசித்து, ஒவ்வொரு அசைவுக்கும் நேரம் கணக்குப் போட்டு நம்மைச் சிரிக்கவைத்தவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும், அவர்களோடு வேலை செய்த அனிமேட்டர்களும்தான். அந்த வரிசைக்கு ஏழு ஆஸ்கர் கிடைத்தது, ஏழும் தயாரிப்பாளர் என்ற முறையில் குவிம்பி பெயருக்கே போயின.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கார்ட்டூன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், ஆனால் யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எந்தத் திரைக்காக எடுத்தது என்று தெரியாமல் பார்த்திருக்கிறோம். டிவிக்காரர்கள் 1940இல் வந்ததையும் 1962இல் வந்ததையும் ஒன்றாகக் கலந்து, நடுவில் விளம்பரம் செருகி ஓட்டினார்கள். அதை மறுபடி பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் சந்தோஷம் தனி. எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவை டிவிக்காக எடுத்தவை அல்ல, குழந்தைகளுக்காக மட்டும் எடுத்தவையும் அல்ல. நம் ஊர்த் தியேட்டர்களில் ஒரு காலத்தில் மெயின் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்கத் தியேட்டர்களில் 1930களிலும் 40களிலும் அந்த இடத்தில் நியூஸ் ரீல், ஒரு சின்ன நகைச்சுவைப் படம், ஒரு கார்ட்டூன் என்று வரிசையாக ஓடும், அப்புறம்தான் மெயின் படம். கார்ட்டூன் என்பது ஒரு ரீல், ஏறக்குறைய ஏழு நிமிடம். இருட்டில் நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாக உட்கார்ந்து சிரிப்பதற்காகச் செய்தது. அதனால்தான் ஒரு பெரிய சிரிப்புக்குப் பிறகு பல படங்களில் பாத்திரம் ஒரு கணம் நம்மைப் பார்த்தபடி சும்மா நிற்கும், கூட்டம் சிரித்து ஓயட்டும் என்று. வீட்டில் தனியாக போனில் பார்க்கும்போது அந்த இடைவெளி நமக்குப் புரியாது. முடிந்தால் நாலு பேரைக் கூட்டி, பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், ஒரே படம் வேறு படமாகிவிடும்.

டைட்டில் கார்டைத் தாண்டாதீர்கள்

ஆரம்ப எழுத்துகளை ஓட்டிவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. அந்தப் பத்துப் பதினைந்து விநாடியில் பாதி வரலாறு இருக்கிறது.

ஆண்டைக் கண்டுபிடிப்பது சுலபம். டைட்டில் கார்டின் அடியில் சின்ன எழுத்தில் ரோமன் எண்ணில் காப்புரிமை ஆண்டு போட்டிருப்பார்கள். எம் என்றால் ஆயிரம், அடுத்து வரும் சிஎம் தொள்ளாயிரம், எக்ஸ்எக்ஸ்எக்ஸ் முப்பது, எக்ஸ்எல் நாற்பது, எல் ஐம்பது. எம்சிஎம்எக்ஸ்எல் என்று இருந்தால் 1940. இரண்டு நாள் பழகினால் கண் தானாகவே படித்துவிடும். காப்புரிமை ஆண்டும் படம் வெளியான ஆண்டும் சில சமயம் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டைரக்டர் பெயர். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் 1940களின் முற்பாதி வரை டைரக்ஷன் என்று போடமாட்டார்கள், சூப்பர்விஷன் என்று போடுவார்கள். ஏதோ மேற்பார்வையாளர் என்று விட்டுவிடாதீர்கள், அவர்தான் டைரக்டர். டெக்ஸ் ஏவரி, பாப் கிளாம்பெட், ஃபிரிஸ் ஃபிரெலெங், சக் ஜோன்ஸ் ஆகிய நாலு பெயரை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும். பக்ஸ் பன்னி என்று ஒரே முயல் கிடையாது. கிளாம்பெட்டின் பக்ஸ் உடம்பு ரப்பர் மாதிரி வளையும், துள்ளிக்கொண்டே இருக்கும். ஜோன்ஸின் பக்ஸ் நிதானமாக ஒரு புருவத்தை மட்டும் தூக்கும், யாராவது வம்புக்கு வந்தால்தான் திருப்பிக் கொடுக்கும். பத்துப் படம் பார்த்துவிட்டீர்கள் என்றால் பெயர் வருவதற்கு முன்பே யார் படம் என்று சொல்லிவிடுவீர்கள்.

பெயரே இல்லாத பிரதிகளும் உண்டு. டைட்டில் கார்டில் நீல ரிப்பன் கட்டிய ஒரு பரிசு முத்திரை தெரிந்தால், அது வார்னர் பழைய படத்தை மறுபடி வெளியிட்டபோது மாட்டிய புது முகப்பு. அப்படி மாற்றியபோது டைரக்டர், அனிமேட்டர், இசையமைப்பாளர் பெயர்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டார்கள். பக்ஸ் பன்னியின் முதல் முழுமையான படம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் 1940ஆம் ஆண்டின் "எ வைல்ட் ஹேர்" கூட 1944இல் இப்படி முகம் மாறி, தலைப்பில் ஒரு சொல் வித்தியாசத்தோடு வந்தது. டெக்ஸ் ஏவரி எடுத்த படத்தில் டெக்ஸ் ஏவரி பெயர் இல்லை. எத்தனையோ பேர் உழைப்பு இப்படிக் காணாமல் போனதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. பழைய முகப்பைத் தேடிப்பிடித்து ஒட்டி மீட்டெடுத்த பதிப்புகள் சிலவற்றுக்கு இப்போது வந்துவிட்டன. இரண்டும் கிடைத்தால் மீட்டெடுத்ததையே பாருங்கள்.

டாம் அண்ட் ஜெர்ரியைப் பொறுத்தவரை மூன்று காலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1940 முதல் 1958 வரை வந்த 114 படங்கள் ஹன்னா, பார்பெராவுடையவை. முதல் படமான "புஸ் கெட்ஸ் தி பூட்"டில் பூனைக்கு டாம் என்ற பெயரே கிடையாது, ஜாஸ்பர் என்று கூப்பிடுவார்கள், நாலு காலில் நிஜப் பூனை மாதிரியே நடக்கும். அப்புறம் 1961, 62இல் ஜீன் டைட்ச் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரத்திலிருந்து எடுத்த 13 படங்கள். எதிரொலி மாதிரி விநோதமான சத்தங்கள், வெடுக் வெடுக்கென்ற அசைவு, இவற்றை வைத்தே தெரிந்துவிடும். பிறகு 1963 முதல் 67 வரை சக் ஜோன்ஸின் 34. டாமுக்குப் புருவம் தடிமனாக இருந்தால் அது ஜோன்ஸ். சின்ன வயதில் "இன்னைக்கு என்ன டாம் ஒரு மாதிரி இருக்கு" என்று நமக்குத் தோன்றியதற்கெல்லாம் காரணம் இதுதான்.

நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

ஒரு முறை சாதாரணமாகப் பார்த்துச் சிரித்து முடித்துவிடுங்கள். அப்புறம் பிரேம் பிரேமாக, அதாவது பிலிமில் பதிந்த ஒவ்வொரு தனிப் படமாகப் போங்கள். யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு பிரேம் முன்னால் போகும், கமா விசை ஒரு பிரேம் பின்னால். பிலிமில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஏழு நிமிடம் என்றால் பத்தாயிரத்துக்கும் மேல். எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வரைந்தார்கள் என்று இல்லை, சாதாரண அசைவுக்கு ஒரே படத்தை இரண்டு பிரேம் எடுப்பார்கள், வேகமான அசைவுக்கு மட்டும் பிரேமுக்கு ஒன்று. அழுத்திப் பார்த்தால் இது உங்கள் கண்ணுக்கே தெரியும். (டிவிக்காக மாற்றிய பிரதியில் சில பிரேம்கள் இரட்டிப்பாகவோ, இரண்டு பிரேம் கலந்து மங்கலாகவோ இருக்கும், அது வரைந்தவர் செய்ததல்ல.)

சக் ஜோன்ஸ் 1942இல் எடுத்த "தி டோவர் பாய்ஸ்" இதற்கு நல்ல பாடம். ஓட்டத்தில் பார்த்தால் ஆள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் பட்டென்று தாவுகிற மாதிரி இருக்கும். நிறுத்திப் பார்த்தால் நடுவில் ஒரே ஒரு பிரேமில், இங்கிருந்து அங்கு வரைக்கும் இழுத்துத் தேய்த்த பெயின்ட் மாதிரி ஒரு நீண்ட உருவம். முகம் எங்கே, கை எங்கே என்று சொல்லமுடியாது. கண்ணுக்கு அது வேகமாகப் படுகிறது. டிஸ்னி பாணியில் ஒவ்வொரு அசைவையும் நிஜம் போல உருட்டி உருட்டி வரைந்துகொண்டிருந்த காலத்தில் இப்படிச் செய்தது பெரிய துணிச்சல்.

அதே ஜோன்ஸ் 1949இல் "ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரியஸ்" என்ற படத்தில் ரோட் ரன்னர் என்ற பறவையையும் அதைத் துரத்தும் ஓநாய் மாதிரியான கயோட்டியையும் கொண்டுவந்தார். கயோட்டி பாறை உச்சியிலிருந்து விழும் காட்சி, நாம் ஆயிரம் தடவை பார்த்தது. மேலேயிருந்து பார்க்கிறோம், அது சின்னதாகி, புள்ளியாகி, மறைகிறது, ஒரு கணம் ஒன்றுமே இல்லை, பிறகு அடியில் ஒரு சின்ன தூசி. ஜோன்ஸ் இதற்குக் கணக்கு வைத்திருந்தார்: மறைவதற்கு 18 பிரேம், மறைந்தபின் தூசி எழ 14 பிரேம். 13 என்றாலும் 15 என்றாலும் அதே சிரிப்பு வரவில்லை என்பார். 14 பிரேம் என்பது அரை விநாடிக்குச் சற்றே மேல். நீங்களே ஏதாவது ஒரு விழுகாட்சியை எடுத்து விசையை அழுத்தி எண்ணிப் பாருங்கள். படத்துக்குப் படம் கொஞ்சம் மாறும், ஆனால் அந்த வெறுமையான அரை விநாடிக்காகத்தான் மொத்தக் காட்சியும் காத்திருக்கிறது என்பது விரலிலேயே தெரியும்.

இன்னொன்று, இது குழந்தைகளோடு விளையாடவும் நன்றாக இருக்கும். பின்னணியை வாட்டர் கலரில் ஓவியமாகத் தீட்டி வைத்துவிடுவார்கள். அசையும் பொருளை மட்டும் செல் என்ற கண்ணாடி போன்ற தாளில் கோடு போட்டு ஒரே நிறத்தில் நிரப்பி, பின்னணியின் மேல் வைத்துப் படம் பிடிப்பார்கள். ஏர்ல் ஹர்ட் என்பவர் 1914இல் விண்ணப்பித்து 1915இல் உரிமை பெற்ற முறை இது, இதன் தயவில்தான் ஒவ்வொரு பிரேமுக்கும் வீடு மரமெல்லாம் திரும்பத் திரும்ப வரையும் வேலை மிச்சமானது. அதனால் பத்துப் பாறைகளில் ஒன்று மட்டும் சற்று வெளுத்து, தட்டையாகத் தெரிந்தால் அதுதான் விழப்போகும் பாறை. பத்துக் கதவில் எது திறக்கும் என்றும் சொல்லிவிடலாம்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு படம்

ஏழு நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். ஹன்னா, பார்பெரா படங்களுக்கு இசை ஸ்காட் பிராட்லி. டாம் படியேறினால் இசை படியேறும், ஜெர்ரி விரலூன்றி நடந்தால் வயலின் விரலூன்றும். பேச்சே இல்லாமல் கதை புரிவது பாதி அவரால்தான். டாமின் அந்தப் புகழ்பெற்ற அலறல் டைரக்டர் வில்லியம் ஹன்னாவின் சொந்தக் குரல்.

வார்னர் பக்கம் கார்ல் ஸ்டாலிங், 1936 முதல் 1958 வரை. கன்சாஸ் சிட்டியில் மௌனப் படங்களுக்குத் தியேட்டரிலேயே உட்கார்ந்து ஆர்கன் வாசித்தவர், பிறகு டிஸ்னியின் ஆரம்பப் படங்களுக்கு இசையமைத்தவர். நம் ஊர் கல்யாண பேண்டு வாத்தியக்காரர்கள் மாப்பிள்ளை வந்து இறங்கினால் ஒரு சினிமாப் பாட்டு, பந்திக்குக் கூப்பிட்டால் இன்னொன்று என்று சமயத்துக்கேற்ற மெட்டை எடுப்பார்களே, ஸ்டாலிங்கின் வழியும் அதுதான். சிவப்பு உடுப்பில் ஒருத்தி வந்தால் சிவப்பு உடுப்புக்காரியைப் பற்றிய பாட்டின் மெட்டு இரண்டு வரி ஓடும். வார்னர் கம்பெனியிடம் பாட்டு உரிமைகள் குவிந்து கிடந்தன, மெர்ரி மெலடீஸ் என்ற வரிசையே அந்தப் பாட்டுகளை ஊருக்குள் பரப்பத்தான் தொடங்கியது. 1940களின் அமெரிக்கக் காதுக்கு மெட்டைக் கேட்டதும் வரிகள் நினைவுக்கு வந்து இன்னொரு சிரிப்பு வரும், நமக்கு அது வராது. ஆனால் தொழிற்சாலை, இயந்திரம் என்று வந்தால் அடிக்கடி ஒலிக்கும் தடதட இசை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது ரேமண்ட் ஸ்காட்டின் "பவர்ஹவுஸ்", கார்ட்டூனுக்காக எழுதியதே அல்ல.

சத்தத்துக்குக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1928க்குப் போகவேண்டும். நவம்பர் 18, நியூயார்க்கின் காலனி தியேட்டர், "ஸ்டீம்போட் வில்லி". வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் எடுத்தது. மிக்கி மவுஸ் ஆட்டுக்குட்டி முதல் சமையல் பாத்திரம் வரை கையில் கிடைத்ததையெல்லாம் வாத்தியமாக்கி வாசிக்கும், ஒவ்வொரு தட்டும் சத்தத்தோடு பொருந்தும். இசைக்குழு தாளம் தவறாமலிருக்க, பதிவு செய்யும்போது ஓட்டிய பிரதியில் குதிக்கும் ஒரு புள்ளியைத் தாளக்குறியாக வைத்தார்கள். 2024 முதல் அமெரிக்காவில் இந்தப் படம் காப்புரிமை முடிந்து பொதுச்சொத்து.

எதை எந்த வரிசையில்

ஒரே நாளில் பத்துப் படம் பார்க்காதீர்கள். அடுத்தடுத்துப் பார்ப்பதற்காக இவர்கள் எடுக்கவில்லை, வாரம் ஒருமுறை தியேட்டருக்கு வருகிறவர் ஒன்று பார்ப்பார் அவ்வளவுதான். நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு. என் வரிசை இப்படி: "ஸ்டீம்போட் வில்லி"யில் தொடங்குங்கள். பிறகு மேக்ஸ் ஃபிளைஷரின் நியூயார்க் ஸ்டுடியோ எடுத்த 1932ஆம் ஆண்டின் பெட்டி பூப் படம் "மின்னி தி மூச்சர்". கேப் கேலோவே என்ற ஜாஸ் பாடகர் ஆடியதைப் படம் பிடித்து, அதன் மேல் கோடு போட்டு ஒரு பேய் வால்ரஸை ஆடவைத்திருப்பார்கள். டிஸ்னியின் அழகும் ஒழுங்கும் இதில் கிடையாது, நகரத்து இரவின் வாசனை இருக்கும், எனக்கு இது இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். அதே ஆண்டு டிஸ்னியின் "ஃபிளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்", மூன்று நிற டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் வந்த முதல் கார்ட்டூன், கார்ட்டூனுக்கென்று கொடுத்த முதல் ஆஸ்கரும் இதற்குத்தான். 1936இல் பாப்பாய் சிந்துபாத்தைச் சந்திக்கும் இரண்டு ரீல் படம். அதில் சில காட்சிகளில் பின்னணி ஓவியமல்ல, மேசைமேல் கட்டிச் சுழலவிட்ட நிஜ மாதிரி, குகைக்குள் பாப்பாய் நடக்கும்போது ஆழம் தெரியும், அங்கே நிறுத்திப் பாருங்கள். 1943இல் டெக்ஸ் ஏவரி எம்.ஜி.எம்.முக்கு எடுத்த "ரெட் ஹாட் ரைடிங் ஹூட்". 1950இல் யு.பி.ஏ. ஸ்டுடியோவின் "ஜெரால்ட் மெக்பாயிங் பாயிங்". இதில் அறைக்குச் சுவர்க்கோடே இருக்காது, நிறம் மட்டும்தான், அதுவரை பார்த்ததெல்லாம் ஒரே அடியில் பழசாகிவிடும். 1953இல் "டக் அமக்". அதைப்பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், தெரியாமலே போய்ப் பாருங்கள்.

குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பாருங்கள். குண்டு வெடித்ததும் முகம் கறுத்து உதடு பெருத்து வரும் அந்தச் "சிரிப்பு", கறுப்பின மக்களைக் கேலி செய்த அன்றைய மேடைக்கூத்தின் மிச்சம். டாமின் வீட்டில் முகம் காட்டாமல் காலை மட்டும் காட்டிய வேலைக்காரப் பெண்ணும் அப்படிப்பட்ட ஒரு வார்ப்புதான், 1960களில் சில பிரதிகளில் அவர் குரலையே மாற்றி ஒட்டினார்கள். 1968இல் பதினொரு வார்னர் படங்களை இதே காரணத்துக்காக டிவியிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டார்கள். போர்க்காலப் படங்களில் ஜப்பானியரை வரைந்த விதமும் மோசம். இதெல்லாம் இல்லாத மாதிரி வெட்டிவிட்டுப் பார்ப்பதைவிட, வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தப்பு, அன்றைக்கும் இது சிலரைக் காயப்படுத்தியது என்று உட்கார்த்திச் சொல்வது நல்லது. சின்னக் குழந்தைகளுக்கு அந்தப் படங்களைக் காட்டவேண்டிய அவசியமே இல்லை.

இந்தக் காலம் எப்படி முடிந்தது என்பதையும் கண்ணாலேயே பார்க்கலாம். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய கம்பெனிகள் தங்கள் படங்களை மொத்தமாகத் தியேட்டர்களின் தலையில் கட்டுவதற்குத் தடை போட்டது. மெயின் படத்தோடு கார்ட்டூனையும் சேர்த்து வாங்கியே ஆகவேண்டும் என்ற நிலை போனதும் தியேட்டர்காரர்கள் அதற்கு நல்ல விலை கொடுக்கவில்லை. செலவு ஏறியது, டிவி வந்தது. பழைய கார்ட்டூனை மறுபடி ஓட்டினாலே கிட்டத்தட்ட அதே பணம் வருகிறது என்று கணக்குப் பார்த்து எம்.ஜி.எம். 1957இல் கார்ட்டூன் பிரிவை மூடியது. வார்னர் 1963இல் மூடியது. வுடி வுட்பெக்கர் எடுத்த வால்டர் லான்ட்ஸ் 1972 வரை தாக்குப்பிடித்தார். இதற்கு ஒரு ஜோடிப் படம் சொல்கிறேன். 1949இல் வந்த "ஹேட்ச் அப் யுவர் ட்ரபிள்ஸ்", மரங்கொத்திக் குஞ்சு ஜெர்ரியை அம்மா என்று நினைக்கும் கதை. அதையே 1956இல் அகலத்திரைக்காக "தி எக் அண்ட் ஜெர்ரி" என்று மறுபடி எடுத்தார்கள். அசைவு அப்படியே அதே அசைவு. பின்னணியைப் பாருங்கள்: முதலாவதில் புல்லும் நிழலும் மரப்பட்டையின் வெடிப்பும் தீட்டியிருப்பார்கள், இரண்டாவதில் தட்டையான நிறப் பட்டைகள். அகலத்திரைப் படத்தை பக்கவாட்டில் வெட்டிய பிரதியில் பார்க்காதீர்கள், ஓரத்தில் நடப்பது போய்விடும்.

முதல் நாளே இதையெல்லாம் செய்யவேண்டாம். முதல் நாளுக்கு இன்னொரு ஜோடியைச் சொல்கிறேன். ஃபிரிஸ் ஃபிரெலெங் வார்னருக்கு 1946இல் எடுத்த "ராப்சடி ராபிட்", ஹன்னா, பார்பெரா எடுத்து 1947இல் வெளியான "தி கேட் கான்செர்ட்டோ". இரண்டிலும் ஒருவர் கோட்டு போட்டுப் பியானோ கச்சேரி செய்ய வருகிறார், இரண்டிலும் வாசிப்பது ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடி, இரண்டிலும் பியானோவுக்குள் ஒரு எலி. யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள் என்று அன்றைக்கே சண்டை வந்தது, ஆஸ்கர் டாமுக்குப் போனது. முதலில் பக்ஸைப் பாருங்கள், வாசிப்பதற்கு முன்பே எப்படி நம்மிடம் பேச்சுக் கொடுக்கிறது என்று. அப்புறம் டாமைப் பாருங்கள். ஒரு வார்த்தை பேசாது, மூக்கை நிமிர்த்தி, கண்ணை மூடி, விரலை மட்டும் இறக்கும். அந்த விரல்கள் எந்தக் கட்டையில் விழுகின்றன என்று நிறுத்திப் பாருங்கள், உங்கள் வீட்டில் கீபோர்டு கற்றுக்கொள்ளும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள்.